கடவுச்சொல் சரி, ஆனாலும் உபுண்டு உள்ளே விடவில்லை

வணக்கம். கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி அதே உள்நுழைவுப் பக்கம் வருகிறது, முந்தின நாள் டிஸ்க்கில் இடமில்லை என்ற எச்சரிக்கையும் வந்தது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். உள்ளே நுழையும்போது, கணினியை இயக்கும் உபுண்டு உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். இடம் இல்லாததால் திருப்பி அனுப்புகிறது. தயவுசெய்து அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள்; குழந்தையின் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன என்கிறீர்களே.

அந்தப் பக்கத்திலேயே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது, பதற வேண்டாம், அடித்து என்டர் தட்டுங்கள். அப்புறம் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ (sudo apt clean) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், மூன்று தனிச் சொற்களாக அடியுங்கள். அப்டேட்டுக்காக இறக்கி வைத்த பழைய மென்பொருள் பொதிகள் மட்டுமே அழியும். உங்கள் கோப்புகளை அது தொடாது. பிறகு, கணினியை மறுபடி தொடங்க ‘சூடோ ரீபூட்’ (sudo reboot) என்று அடியுங்கள்.

உள்ளே போனதும் முதலில் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். என் லேப்டாப்பில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, நான் அழித்துவிட்டதாக நினைத்த ஒரு கல்யாண வீடியோதான். அப்படியும் நுழைய முடியாவிட்டால், கறுப்புத் திரையில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் ‘டிஎஃப்’ (df) கட்டளை காட்டுவதைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.