அமைதியாக இருக்கும் எரிமலையை நம்பலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்குப் போகிறோம். மெராபி எரிமலை உச்சி வரை கூட்டிப்போவதாக ஏஜென்ட் சொல்கிறார். ஹவாயில் லாவா ஓடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் நிற்கிறார்களே, இங்கேயும் அப்படிப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். ஹவாயைப் பார்த்து மெராபியை எடைபோடவே கூடாது.

உலைத்தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் அது பாட்டுக்கு வந்து உடைந்துவிடும். கேழ்வரகுக் களி கிண்டியிருக்கிறீர்களா? மாவு இறுகியதும் ஆவிக்கு வழி கிடைக்காமல் தொப்பென்று வெடித்து முழங்கை வரை தெறிக்கும். எரிமலையிலும் அதே கதைதான். பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும், மேலே வர வர சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கும். குழம்பில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், கூடக் கூட அது கெட்டியாகும். ஹவாய்க் குழம்பில் சிலிக்கா சுமார் 50 சதவீதம்தான், சூடு 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். இளக்கமாக இருப்பதால் வாயு சுலபமாக வெளியேறிவிடும். மெராபியில் சிலிக்கா கூடுதல். குழம்பு மலையின் வாயிலேயே இறுகி மேடாகக் குவியும். அது சரிந்தால் கொதிக்கும் சாம்பல், வாயு, கல் எல்லாம் சேர்ந்து சரிவில் பாய்ந்து வரும். ஓடித் தப்ப முடியாது. அந்தச் சுருள் சுருளான புகையை உள்ளூர்க்காரர்கள் 'வெதுஸ் கெம்பெல்' என்பார்கள், சடை ஆடு என்று அர்த்தம். 2010-இல் மெராபியில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

அப்படியானால் இளகிய குழம்பு என்றால் பயமே இல்லையா? தண்ணீர் சேர்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும். அதே ஹவாயின் கிலாவேயா எரிமலை 1924-இல் நீராவியால் வெடித்துப் பாறைகளைத் தூக்கி வீசியது. ஜப்பானின் ஒன்டாகே எரிமலையில் 2014 செப்டம்பரில் புதுக்குழம்பு வெளியே வரவே இல்லை. உள்ளே சூடேறிய தண்ணீர் மட்டும் வெடித்தது. இலையுதிர்காலச் சனிக்கிழமை, நண்பகல் வேளை, உச்சியில் கூட்டம். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 63 பேர். அன்று எச்சரிக்கை நிலை 1, அதாவது ஆகக் குறைந்தது! நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் 2019-இல் 22 பேர் இறந்ததும் இந்த வகை வெடிப்பில்தான். இதற்கு முன்னறிவிப்பை நம்பியிருக்க முடியாது, தள்ளி நிற்பது ஒன்றுதான் வழி.

இப்போது உங்கள் ஏஜென்டுக்கு வருவோம். "மலை இப்ப அமைதியா இருக்கு சார்" என்பார். வாய் அடைத்த மலையும் அமைதியாகத்தான் இருக்கும். இந்தோனேசியாவில் எச்சரிக்கை 4 நிலைகள். 2020 நவம்பரில் மெராபியை 3-ஆம் நிலைக்கு உயர்த்தினார்கள். உச்சிப் பாதையை அதற்கு முன்பே, 2018-இல் மூடிவிட்டார்கள். மூடிய பாதையில் கூட்டிப்போகிறேன் என்பவர் உங்களைத் திருட்டு வழியில்தான் ஏற்றுவார். அடிவாரத்தில் ஜீப்பில் சுற்றிக் காட்டும் 'லாவா டூர்' வேறு விஷயம்.

பெயர் மாறி மயங்க வேண்டாம், சுமத்ராவில் மராபி என்று இன்னொரு மலை இருக்கிறது. உச்சியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று எரிமலைத் துறை சொல்லியிருந்தது. ஆனாலும் ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்தபோது மலையில் இருந்த ஏறத்தாழ 75 பேரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிப்பது ஒரு அலுவலகம், சீட்டு கொடுப்பது இன்னொரு அலுவலகம். இவர்கள் ஒரு போன் போட்டுப் பேசிக்கொண்டால் என்ன? இதை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

'மாக்மா இந்தோனேசியா' என்ற அரசு இணையதளத்தில் எச்சரிக்கை நிலையையும், எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் கிளம்பும் அன்று காலையில் நீங்களே பாருங்கள். என்95 முகக்கவசம் கொண்டுபோங்கள். எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் மாதிரி கிடையாது, பொடித்த கண்ணாடியும் கல்லும். அப்புறம், வாய்ப்பகுதிக்கு எத்தனை கிலோமீட்டர் கிட்டே போவோம் என்று ஏஜென்டிடம் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.