ஏணியிலிருந்து விழுந்தவருக்கு பைக் விபத்துக் குறியீடு: கிளைம் கிடைக்குமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பழைய வீடு. ஐப்பசி மழைக்கு முன் வளவுத் (உள்முற்றத்து) தாழ்வாரத்தில் உடைந்த ஓடுகளை மாற்ற, போன புரட்டாசியில் 63 வயது அப்பா ஏணி வைத்து ஏறினார். வளவுக்குள் விழுந்துவிட்டார். தம்பி பைக்கில் நடுவில் உட்காரவைத்து, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு குதிகாலிலும் எலும்பு முறிவு, முதுகெலும்பில் விரிசல். தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தார், ஆனால் கிளைமை மறுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வி28 (V28) என்று கோடு (code, குறியீடு) போட்டிருக்கிறதாம், அது பைக் விபத்தாம். அப்பாவின் லைசென்ஸ் காலாவதி, எஃப்ஐஆர் இல்லை, நாங்கள் சொல்வதும் ஆவணமும் முரண்படுகிறது என்கிறார்கள். பைக் விபத்து என்றே ஒத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யட்டும்?

பதில்: ஏஜென்ட் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள், சகோதரி. இப்போதைக்குத் தவறு மருத்துவமனையின் காகிதத்தில் இருக்கிறது. நடக்காத பைக் விபத்தை நடந்ததாக நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் பொய்யாகிவிடும், அப்புறம் கிளைமை மறுக்க கம்பெனிக்கு வேறு காரணமே தேவைப்படாது.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. கேஷுவாலிட்டியில் பதற்றத்தோடு நிற்கிறீர்கள், என்ன ஆச்சு என்று டூட்டி டாக்டர் கேட்கிறார், "விழுந்துட்டாரு, பைக்ல வந்தோம்" என்று யாரோ சொல்கிறார்கள், அவர் காதில் "பைக்கிலிருந்து விழுந்தார்" என்று விழுகிறது, அதையே ஒரு வரியில் எழுதிவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுகிறார். நோயாளி வீட்டுக்குப் போகும் நேரத்தில் அந்த ஃபைலைப் பார்த்துக் கோடு போடுகிறவர் உங்கள் அப்பாவைப் பார்த்ததுகூட இருக்காது. முதல் வரியில் இருந்ததற்கு என்ன கோடோ அதைப் போட்டிருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் காயத்துக்கு ஒரு கோடு, அந்தக் காயம் எதனால் வந்தது என்பதற்கு இன்னொரு கோடு. உங்கள் அப்பாவின் குதிகால் முறிவு எஸ்92-இல் வரும், இடுப்புப் பக்க முதுகெலும்பு என்றால் எஸ்32. காரணத்துக்கான கோடுகள் தனியாக 20-ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. வி28 என்றால் மோட்டார் சைக்கிளில் போனவர் எதிலும் மோதாமல் விழுந்து அடிபட்டது. ஏணியிலிருந்து விழுந்தால் டபிள்யூ11, கட்டடத்திலிருந்து விழுந்தால் டபிள்யூ13. நடந்த இடம் வீடு என்பதற்குக் கடைசியில் ஒரு 0 சேரும். நோய், இறப்புக் கணக்கு எடுப்பதற்காக உருவான பட்டியல் இது. யாரும் விசாரித்து எழுதிய தீர்ப்பு இல்லை.

கம்பெனிக்கு எழுதும்போது இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள். அந்த அத்தியாயத்தில் வி01 முதல் எக்ஸ்59 வரை எல்லாமே தற்செயல் விபத்துகள். தனக்குத் தானே செய்துகொண்டதற்கு எக்ஸ்60-இலிருந்து வேறு கோடுகள், நோக்கம் தெரியாதவற்றுக்கு ஒய்10-இலிருந்து வேறு. ஆக, அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வி28-ஐயே வைத்துப் பார்த்தாலும் இது விபத்துதான். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினார், அதனால் பாலிசியின் விதிவிலக்கில் வருகிறார் என்றால், ஓட்டினார் என்பதை நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். விதிவிலக்கைக் காட்டிப் பணத்தை மறுப்பவர் மீதுதான் நிரூபிக்கும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் பக்கத்தில் பெரிய சாட்சி அந்தக் காயங்களே. இரண்டு குதிகாலும் உடைந்து முதுகெலும்பிலும் விரிசல் என்பது உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுந்தவர்களுக்கு வழக்கமாக வரும் காயம். பைக் சறுக்கி விழுந்தவருக்கு முழங்கை, முட்டி, தோள் என்று எங்காவது தோல் உராய்ந்திருக்கும். சிராய்ப்பு பற்றி கேஸ் ஷீட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது உங்களுக்குச் சாதகம். அதோடு, சாலை விபத்து என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் மருத்துவமனை பெரும்பாலும் போலீசுக்குத் தகவல் அனுப்பியிருக்கும். எஃப்ஐஆர் இல்லை என்பதை உங்களுக்கு எதிராகச் சொல்கிறார்கள், நீங்கள் அதையே திருப்பிக் கேட்கலாம்.

அதனால் முதல் வேலை, முழு கேஸ் ஷீட்டையும் கேட்டு அப்பா கையெழுத்தோடு ஒரு மனு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஷுவாலிட்டி குறிப்பு, நர்ஸ் குறிப்பு, எலும்பு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் எழுதியவை எல்லாம் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வார்டுக்குப் போனபின் யாராவது நிதானமாகக் கேட்டு "ஏணியிலிருந்து விழுந்தவர்" என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து திருத்தம். கோடு எண்ணை மாற்றுங்கள் என்று கேட்டு எழுதாதீர்கள், குறிப்பைத் திருத்தக் கேளுங்கள், கோடு தானாக மாறும். சிகிச்சை கொடுத்த டாக்டர் பழைய வரியை அழிக்காமல், இன்ன தேதியில் இன்ன காரணத்தால் திருத்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டுத் துணைக்குறிப்பு எழுத வேண்டும். முன்தேதி போட்டுப் புது சம்மரி தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கம்பெனியிடம் பழைய நகல் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போலி ஆவணம் என்ற பேச்சு வந்துவிடும்.

மனு எழுதுமுன் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்: விழும்போது கால் ஏணியில் இருந்ததா, ஓட்டின் மேல் இருந்ததா? ஏணி என்றால் ஒரு கோடு, கூரை என்றால் வேறு. மனுவில் ஏணி, பிரமாணப் பத்திரத்தில் கூரை என்று இருந்தால் அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார்கள். வளவில் யாராவது பார்த்திருந்தால், அது பக்கத்து வீட்டு ஆச்சியாக இருந்தாலும் சரி, பார்த்ததை அவர் சொன்னபடியே நோட்டரி முன் எழுதி வாங்குங்கள். தம்பியும் எப்படி, எந்த வண்டியில் கொண்டுபோனார் என்று எழுதட்டும். ஏணி, உடைந்த ஓடு, தாழ்வார உயரம் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள்.

இவற்றோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுத்தார்கள் என்றால், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, அப்பா நேரடியாகப் பேச வேண்டியதுதான். 50 லட்சம் வரை அங்கே விசாரிப்பார்கள். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சிவகங்கை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதற்கு இரண்டு வருட அவகாசம். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது என்பதால் இந்த வரிசையிலேயே போங்கள்.

மறுப்புக் கடிதத்தை அது வந்த கவரோடு பத்திரமாக வையுங்கள், காலக் கணக்குக்கு அந்தத் தேதி தேவைப்படும். கேஸ் ஷீட் கையில் வந்ததும் கேஷுவாலிட்டி பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், திருத்த மனுவின் வாசகத்தை அதைப் பார்த்து எழுதித் தருகிறேன்.