கிணறு காணாமல் போன படத்தின் இயக்குநர்

கேள்வி: ‘எதிர்நீச்சல்’ சீரியல் ஆதி குணசேகரன், அதாவது மறைந்த மாரிமுத்து, சினிமா டைரக்டராமே? என் மகன் சொல்கிறான், எனக்கு நம்பிக்கை இல்லை.
வாசகி, ஆண்டிபட்டி

பதில்: மகனை நம்புங்கள் அம்மா. அவர் உங்கள் மாவட்டத்துக்காரர்தான். ஊர், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பாரே, அந்த ‘கண்ணும் கண்ணும்’ (2008) மாரிமுத்து இயக்கியதுதான். கிணறு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, இயக்குநரைத்தான் காணோம்! 2014-இல் ‘புலிவால்’. அதோடு சரி.

அதற்கு முன்பு கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளர். அப்புறம் ராஜ்கிரண், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். 2011-இல் மிஷ்கின் ‘யுத்தம் செய்’ படத்தில் போலீஸ் அதிகாரியாக்கினார். ‘பரியேறும் பெருமாள்’ பார்த்திருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்தில் அடிபட்டுக் கிடக்கும் பையனிடம், “என் மகளை விட்டுடுப்பா” என்கிற பாணியில் கெஞ்சுவாரே, அந்த அப்பா. அவர் மேல் கோபம் வரும், கூடவே பாவமாகவும் இருக்கும். எனக்குப் பிடித்த மாரிமுத்து அவர்தான்.

கேள்வி: பெண்களை அப்படி மட்டம் தட்டிய குணசேகரன் கதாபாத்திரத்தை, பெண்களே கொண்டாடியது எப்படி?
அதே வாசகி

பதில்: இதற்கு மதுரையில் இருக்கும் என் அத்தைதான் சாட்சி. இரவு ஒன்பதரை ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். படித்த மருமகள்களைக் குணசேகரன் அடுப்படியில் அடைத்துவைக்கும்போதெல்லாம், “இவன் விளங்குவானா?” என்று ஆரம்பிப்பார். குணசேகரன் “ஏம்மா ஏய்” என்றதும் அத்தை சிரித்துவிடுவார். சொத்தில் 40 சதவிகிதம் அப்பத்தா பெயரில் என்றானபோது குணசேகரன் பட்ட பாட்டைப் பார்த்து, அத்தைக்கு அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாக இறங்கியது. ஊரில் பார்த்த எத்தனையோ பெரியப்பா, மாமனார்களை மாரிமுத்து அப்படியே கொண்டுவந்தார். அவர்களை நேரில் திட்ட முடியுமா? இவரைத் திட்டலாம்.

2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்தது. அவர் நடித்த ‘ஜெயிலர்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். எப்படி இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டேன்.

“நல்லாத்தான் நடிக்கிறாரு. ஆனா எனக்குத் திட்டத்தான் வரமாட்டேங்குது” என்றார்.