வாசகர் கேள்வி – பதில்: ஆய்வரங்கில் பின்வரிசை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தபால் ஊழியன். தெற்காசிய வரலாறு, மொழி, சமூகம் பற்றிப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நூலகங்களிலும் நடக்கும் உரைகளின் அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று அச்சிடுகிறார்கள். அது என்னைப் போன்றவர்களுக்கும் உரிய அழைப்புதானா, இல்லை மரியாதைக்காகப் போடும் வரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மையான அழைப்புதான். ஆனால் எதற்கு அழைக்கிறார்கள் என்பதை மட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நினைவுப் பேருரையும் அறக்கட்டளைச் சொற்பொழிவும் பெரும்பாலும் பொதுமக்களை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுபவை; துறைச் சொற்களைப் பேச்சாளரே விளக்கிவிட்டுத்தான் மேலே செல்வார். மாநாட்டு அமர்வு வேறு வகை. அங்கே மூன்று நான்கு ஆய்வாளர்கள் ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடங்கள் பேசுவார்கள். கேட்பவருக்குப் பின்னணி தெரியும் என்ற நம்பிக்கையில் நேரே சான்றுக்குள் இறங்கிவிடுவார்கள். துறைக்குள் நடக்கும் சிறு கருத்தரங்குகளில் சில சமயம் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிடுவதும் உண்டு. அதைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் பாதிப் படத்தில் திரையரங்குக்குள் நுழைந்த கதைதான்.

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் நடக்கும் உரைகளிலிருந்து தொடங்கலாம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவருடைய மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் பொது ஆய்வு நூலகமாயின. அந்த நூலகம் உருவானதே கல்லூரிக்கு வெளியே இருந்த ஓர் ஆர்வலரால் என்பதை நினைத்துக்கொண்டால், உள்ளே நுழையக் கூச்சம் வராது.

கேள்வி: அண்மையில் ஓர் ஆய்வுரைக்குச் சென்றிருந்தேன். வந்தவர் புகழ்பெற்ற பேராசிரியர் என்றார்கள். அவரோ தாளிலிருந்து தலையைத் தூக்காமல் படித்து முடித்தார். நம் ஊர்ப் பேச்சாளர்கள் குறிப்பே இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசுவதில்லையா? தயாரிப்பு இல்லாமல் வந்துவிட்டாரோ என்று தோன்றியது.
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: மிகுந்த தயாரிப்போடு வந்ததால்தான் அவர் தாளைப் பார்த்துப் படித்திருக்கிறார். நாம் மேடைப் பேச்சிலேயே வளர்ந்தவர்கள். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கங்களைத் தொடங்கியதும், பின்னர் தேசிய இயக்கமும் திராவிட இயக்கமும் அந்த மேடையைத் தெருமுனைக்குக் கொண்டு வந்ததும் நம் செவியைப் பழக்கியிருக்கின்றன. அந்த மரபில், சொல்லப்போகும் உண்மை பேச்சாளருக்கு முன்பே தெரியும்; அதைக் கேட்பவர் நெஞ்சில் பதியவைப்பதே அவர் வேலை. ஆய்வுரையிலோ பேச்சாளர் தாம் இன்னும் முழுதாக உறுதிசெய்யாத ஒரு முடிவை, அதிலுள்ள ஓட்டைகளைப் பிறர் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று முன்வைக்கிறார். அப்படி வைக்கும்போது ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு முக்கியமாகிவிடுகிறது. வாய்ப்பேச்சின் வேகத்தில் அந்த வேறுபாடு நழுவிவிடும் என்பதால் எழுதியே கொண்டுவருகிறார்கள்.

இதற்காக, முணுமுணுவென்று படிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. நிறுத்தி, நிமிர்ந்து, கேட்பவர் முகம் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்; அது ஆய்வாளர்கள் கற்றுக்கொண்டே ஆகவேண்டிய கலை. ஆனால் பேச்சாளர் கையில் தாள் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அவர் என்ன சான்று காட்டுகிறார், அந்தச் சான்று அவர் சொல்லும் முடிவைத் தாங்குகிறதா என்று பார்ப்பது உங்களுக்கு அதிகப் பயன் தரும். கேள்வி நேரத்தில்தான் ஆய்வுரையின் இரண்டாம் பாதி நடக்கிறது. நன்றியுரைக்கு முன் எழுந்து போய்விடுபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். நம் கருத்தரங்குகளில் வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று நேரம் கரைந்து, கடைசியில் ‘நேரமின்மையால் கேள்விகள் இல்லை’ என்று அறிவிக்கப்படுவதுதான் எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது.

கேள்வி: இந்தியவியல் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ‘தெற்காசியா’ என்ற பெயர் ஆய்வுத்துறைக்கு எப்போது, ஏன் வந்தது?
– முதுகலை வரலாற்று மாணவர், மதுரை

பதில்: கீழைத்தேயவியல், இந்தியவியல் என்ற பெயர்களில் நடந்த பழைய படிப்பு பெரும்பாலும் பண்டைய நூல்களைச் சார்ந்தது. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் தொடங்கிய ஆசியக் கழகத்திலிருந்து அதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நிலைமை வேறு. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் இன்றைய மொழி, அரசியல், பொருளாதாரம் எல்லாம் தெரிந்தவர்கள் அமெரிக்க அரசுக்குத் தேவைப்பட்டார்கள். 1948இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நார்மன் பிரவுன் தெற்காசிய வட்டார ஆய்வுத் துறையை ஏற்படுத்தினார். அவரோ சமஸ்கிருத அறிஞர். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் பதறிப்போன அமெரிக்கா, மறு ஆண்டே கொண்டுவந்த பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் மூலம் அயல்மொழிப் படிப்புக்குப் பணம் ஒதுக்கியது. தெற்காசிய மொழிகளின் படிப்பும் அதனால் வளர்ந்தது. 1962இல் ஹைடல்பெர்க்கிலும் 1964இல் கேம்பிரிட்ஜிலும் தெற்காசிய ஆய்வு மையங்கள் தோன்றின.

இதில் சுவையான கிளைக்கதை ஒன்று உண்டு. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் அந்நாட்டிடமிருந்து இந்தியா வாங்கிய கோதுமைக்கு ரூபாயிலேயே விலை கொடுத்தது. அப்படிச் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அந்நாட்டு நூலகங்களுக்கு அனுப்பியது. நம் கடைகளில் மறைந்துபோன சில தமிழ் நூல்களை இன்று அமெரிக்க நூலக அடுக்கில் தேட நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரின் எல்லையும் இன்றுவரை உறுதியாக நிற்பதில்லை. 1985இல் டாக்காவில் ஏழு நாடுகளோடு தொடங்கிய சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பில் ஆப்கானிஸ்தான் 2007இல்தான் சேர்ந்தது. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவையோ பெரும்பாலும் தென்கிழக்காசியத் துறையில் வைத்துவிடுகிறார்கள். இரங்கூனுக்குப் போன செட்டியார்களையும் கூலித் தொழிலாளர்களையும் பற்றி ஆய்வு செய்பவர் எந்த மாநாட்டுக்குப் போவது? இரண்டுக்கும் போகிறார், இரண்டிலும் சற்று விருந்தாளியாக உணர்கிறார்.

கேள்வி: கட்டுரை அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது, பணம் கட்டவும்’ என்று ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கிலிருந்து கடிதம் வந்துள்ளது. கட்டலாமா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், சேலம்

பதில்: பதிவுக் கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றமாகாது, நல்ல மாநாடுகளும் வாங்குகின்றன. ஒரே நாளில் ஏற்றதுதான் உறுத்துகிறது. தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள், உங்கள் துறையில் அவர்கள் எழுதியது என்ன, முந்தைய ஆண்டின் நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா என்று பாருங்கள். தொல்லியல், தாவரவியல், வணிகவியல் மூன்றையும் ஒரே அரங்கில் ஏற்கும் கருத்தரங்கில் உங்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார். சான்றிதழ் மட்டும் வரும்.

கேள்வி: தெற்காசிய மாநாடுகளில் தமிழுக்கு ஓரத்தில்தான் இடம் கிடைக்கிறது. தனி மாநாடு நடத்துவதுதான் வழியா?
– யாழ்ப்பாணத்தில் பிறந்த வாசகர், டொராண்டோ

பதில்: இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். 1964இல் புதுதில்லியில் கீழைத்தேய அறிஞர்களின் உலக மாநாட்டுக்கு வந்திருந்தவர்களைக் கூட்டித்தான் தனிநாயக அடிகள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானார். அதாவது, பொது அரங்கில் ஒருவரையொருவர் கண்டதால்தான் தனி அரங்கு பிறந்தது. 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று அதன் மாநாடு நகர்ந்தது. சென்னையில் கடற்கரைச் சிலைகளும் ஊர்வலமும் ஆய்வரங்கைவிடப் பெரிதாக நின்றன. மக்கள் அதைத் தங்கள் விழாவாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது பெருமைதான், ஆனால் அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகளை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறுதி நாள் பொதுக்கூட்டத்தில் காவல்துறை புகுந்ததும் மக்கள் உயிரிழந்ததும், ஓர் ஆய்வு மாநாட்டின் பெயரையே அரசியல் வரலாற்றின் தேதியாக்கிவிட்டன.

தமிழ்ப் பொருளைத் தனி அரங்கில் மட்டும் பேசினால் நம்மோடு முரண்படக்கூடியவர் அங்கே வரமாட்டார். வங்காள வரலாறும் சிங்கள இலக்கியமும் படித்த ஒருவர் ‘எங்கள் பகுதியில் இது வேறு மாதிரி நடந்தது, ஏன்?’ என்று கேட்பது பொது அரங்கில்தான். ஓரத்து நாற்காலியாக இருந்தாலும் அங்கே போய் உட்காருவது நல்லது.

கேள்வி: ஆங்கில உரை எனக்குப் புரிகிறது; ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத்தான் வரவில்லை. தமிழில் கேட்கலாமா?
– விவசாயி, சிவகங்கை மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள்; நெறியாளர் மொழிபெயர்ப்பார், அல்லது அருகில் இருக்கும் மாணவர் உதவுவார். தமிழகத்து ஏரிப் பாசனம் பற்றிப் பேச வந்தவருக்குக் கல்வெட்டில் வரும் குமிழித்தூம்பு (ஏரி நீரை வெளியே விடும் ஒருவகை மதகு) என்ற சொல் தெரிந்திருக்கும். கண்மாயில் மடை திறந்து பழகிய உங்களுக்கு அது வேலை செய்யும் விதமே தெரிந்திருக்கும். நீண்ட முன்னுரை மட்டும் வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொல்லி, பார்த்ததைச் சொல்லி, ‘நீங்கள் சொல்வதோடு இது பொருந்துகிறதா?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பேச்சாளர் பேனாவை எடுத்தால், கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வருவார்.