கூட்டத்துக்குப் போங்கள், மண்டபம் கேட்கப் போகாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஸ்காட்லாந்துக்கு வந்து ஒரு வருடமாகிறது. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தவும், வயதானவர்கள் வாரம் ஒருமுறை கூடவும் இடம் வேண்டும். இதற்கிடையில் 'கம்யூனிட்டி பிளானிங்' (சமூகத் திட்டமிடல்) கூட்டத்துக்கு வரும்படி உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அரை நாள் விடுப்பு எடுத்துப் போனால் மண்டபம் கிடைக்குமா?

போங்கள். ஆனால் மண்டபம் அந்த மேசையில் கிடைக்காது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் கூட்டத்தோடு சலித்து நின்றுவிடுகிறார்கள். நம்மவர்களில் பலருக்கு நடந்தது அதுதான்.

அந்த மேசை என்ன மேசை என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே 32 கவுன்சில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பகுதியிலும் பொது அமைப்புகள் கூடித் திட்டமிடும் இப்படியொரு கூட்டாண்மை உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தொடங்கி நடத்தும் கடமையைக் கவுன்சிலிடம் கொடுத்தது. 2015இல் வந்த சமூக வலுவூட்டல் சட்டம் அந்தச் சுமையைப் பங்குபோட்டது. இப்போது கவுன்சில், அரசு மருத்துவச் சேவையை நடத்தும் என்எச்எஸ் வாரியம், காவல்துறை, தீயணைப்புச் சேவை, தொழில் வளர்ச்சி நிறுவனம் ஆகிய எல்லாருமே அதை நடத்தப் பொறுப்பானவர்கள். கல்லூரிகள், போக்குவரத்து அமைப்புகள் என இன்னும் பலர் பங்காளிகள். பகுதி முழுவதற்கும் ஒரு திட்டம் எழுதுகிறார்கள். பின்தங்கிய இடங்களுக்குத் தனியாக வட்டாரத் திட்டமும் எழுதுகிறார்கள். அப்படியொரு வட்டாரம் ஒரு தேர்தல் வார்டாக இருக்க வேண்டும், அல்லது 30,000 பேருக்கு மேற்படாத பகுதியாக இருக்க வேண்டும் என்பது விதி.

இந்தக் கூட்டாண்மையிடம் சொல்லிக்கொள்ளும்படி சொந்தப் பணம் கிடையாது. ஊர்க் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நாள் உபயமும் ஒவ்வொரு குடும்பத்துடையது, செலவும் அவரவருடையது, எந்த நாள் யாருக்கு என்பதை மட்டும் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். இதுவும் அப்படித்தான். சுகாதாரத்தின் பணம் சுகாதாரத்திடம், கவுன்சிலின் பணம் கவுன்சிலிடம். "எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டால், கேட்டவரைத் தவிர மற்ற எல்லாரும் தங்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள்.

கேட்க வேண்டியது வேறு. திட்டத்தில் முதியோரின் தனிமை பற்றி ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், அதில் எங்கள் பங்கு இது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் பேச வராத பாட்டி ஒருவர் மகன் விடுப்பு எடுக்கும்வரை மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். இது சங்கத்தின் குறை இல்லை, என்எச்எஸ் வாரியத்தின் கவலை. அவர்களால் அந்தப் பாட்டியின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது, உங்களால் முடியும். நாங்கள் ஆட்களைக் கூட்டுகிறோம், தேநீர் வைக்கிறோம், நீங்கள் ஒரு தாதியை அனுப்புங்கள் என்று பேசிப் பாருங்கள், அறையின் தொனியே மாறும். இடமும் அதன் வழியாகத்தான் வரும். சுகாதாரப் பணியாளர் வருகிற நிகழ்ச்சிக்குக் கவுன்சில் அலுவலர் ஓர் அறை தேடித் தருவது, தெரியாத ஒரு சங்கத்துக்கு மண்டபம் தருவதைவிட மிகவும் எளிது.

உங்களை அழைத்தது பெருந்தன்மை என்றும் எண்ண வேண்டாம். சமூக அமைப்புகளைப் பங்கேற்கச் செய்ய நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் வருகை அவர்களுக்கும் வேண்டும். அந்தத் தெம்போடு உட்காருங்கள்.

நம்மவர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. எந்த இடம் பின்தங்கியது என்று பார்க்கப் பெரும்பாலும் ஸ்காட்லாந்து பன்முக வறுமைக் குறியீட்டை எடுக்கிறார்கள். நாட்டைச் சிறு வட்டங்களாகப் பிரித்து (2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,976) வரிசைப்படுத்துகிற கணக்கு அது. வறுமை ஒரே தெருவில் குவிந்திருந்தால் அது காட்டும். நாமோ இந்தத் தெருவில் ஒரு குடும்பம், மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குடும்பம் என்று சிதறி இருக்கிறோம். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்து இரண்டு அறையில் ஐந்து பேராக வாழும் குடும்பம், வசதியான வட்டத்துக்குள் இருந்தால் வரைபடத்தில் தெரியவே தெரியாது. இதை அந்த மேசையில் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. உணர்ச்சியோடு சொல்லி முடித்துவிடாதீர்கள். எத்தனை குடும்பம், எத்தனை முதியவர், எத்தனை பேருக்கு மொழி உதவி தேவை என்று பெயர் இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அலுவலர்கள் தங்கள் அறிக்கையில் அதை அப்படியே எடுத்துப் போடுவார்கள். எண் இல்லாத குறை குறிப்பேட்டோடு நின்றுவிடும்.

பெரிய கூட்டத்தில் எதுவும் முடிவாவதில்லை. கீழே உள்ள பணிக்குழுக்களில் முடிந்ததற்கு மேலே தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். எனவே கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல், முதியோர் விஷயத்தைப் பார்க்கும் பணிக்குழு எது, அதை நடத்தும் அலுவலர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பரிசீலிக்கிறோம்" என்றால், யார், எந்தத் தேதிக்குள் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

தன்னார்வத் துறைக்கான இருக்கையில் வழக்கமாக உட்காருவது, ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இருக்கும் மூன்றாம் துறை இணைப்பு அமைப்பு. கூட்டத்துக்கு முன்பே அவர்களைப் போய்ப் பாருங்கள். சங்கத்தின் யாப்பு, அதாவது விதிமுறைகள், எழுதவும், நிதி விண்ணப்பம் தயாரிக்கவும் உதவுவார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: கணவர் தலைவர், மனைவி பொருளாளர் என்று நம் சங்கங்கள் நடக்கும் விதம் இங்கே செல்லாது. உறவினர் அல்லாத இருவர் வங்கிக் கணக்கில் கையெழுத்திட வேண்டும் என்று நிதி தருபவர்கள் பொதுவாகவே எதிர்பார்க்கிறார்கள்.

கட்டடத்தையே சங்கத்துக்குக் கேட்கலாமாமே என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2017 முதல் அதற்கு வழி இருக்கிறது. பொதுச் சொத்தை வாங்கவோ, குத்தகைக்கு எடுக்கவோ, பயன்படுத்தவோ தகுதியுள்ள சமூக அமைப்பு விண்ணப்பிக்கலாம். சொத்தை வைத்திருக்கும் பொது அமைப்பு ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சொந்தமாக வாங்குவதென்றால் பதிவுசெய்த அமைப்பும் குறைந்தது 20 உறுப்பினரும் வேண்டும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒழுகும் கூரையும் சூடாக்கும் செலவும் சேர்ந்தே வரும். சனிக்கிழமைகளில் பள்ளி அறையை வாடகைக்கு எடுங்கள், சமூக அமைப்புகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று விசாரியுங்கள்.

வார்டு கவுன்சிலரையும் சந்தியுங்கள். இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், பதிவுசெய்துகொண்டால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 16 வயதான பிள்ளைகளும் கூடத்தான். உங்கள் குடும்பங்களில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்?

திறன் பணியாளர் விசாவில் இருந்துகொண்டு சங்கப் பொறுப்பை ஏற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கு அந்த விசாவில் தடை இல்லை. ஆனால் வகுப்பெடுப்பவர்கள் போன்று பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு, பின்னணியைச் சரிபார்க்கும் பிவிஜி திட்டத்தில் உறுப்புரிமை வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அது சட்டப்படி கட்டாயம். தகுதிபெற்ற தன்னார்வ அமைப்புகளின் தொண்டர்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் உடனே வந்துவிடாது. மண்டபம் உறுதியாகும்வரை காத்திராமல் அந்த விண்ணப்பங்களை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.