கிண்ணியாவில் மழைக்கால இருப்பு: எதை முதலில் வாங்குவது?

வீட்டில் நாலு பேர், மாதம் 3000 ரூபாய்தான் ஒதுக்க முடியும், வெளிநாட்டு அவசர உணவுப் பெட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், கடைத்தெருச் சாமானே போதும்.

முதலில் தண்ணீர். வெள்ளம் ஏறினால் கிணறு கெட்டுவிடும், குழாயும் நின்றுபோகலாம். ஆளுக்கு நாளைக்கு 4 லீற்றர் என்று மூன்று நாளுக்கு 48 லீற்றர் மூடிவையுங்கள். மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த கலன் சும்மா கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

அப்புறம், அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியவை: அவல், வறுத்த கச்சான் (நிலக்கடலை), பேரீச்சம்பழம், டின் மீன். புழுக்கொடியலை ஏனோ எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, ஈரம் படாவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். பல்லுக்குத்தான் கொஞ்சம் வேலை. அரிசி, பருப்பை வழமையாக வாங்கும்போது ஒவ்வொரு கிலோ கூட்டி வாங்கி, பழையதை முதலில் சமையுங்கள்.

டோர்ச், பற்றரி, ஜீவனி பக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), வீட்டாரின் மருந்து எல்லாம் மூடியுள்ள ஒரே வாளிக்குள் இருக்கட்டும்.

2020 டிசம்பர் தொடக்கத்தில்தான் புரெவிப் புயல் கிண்ணியாவுக்குப் பக்கத்துத் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அதனால் ஒக்டோபருக்குள் முடித்துவிடப் பாருங்கள். காசு போதாவிட்டால் டின் மீனை விடுங்கள், தண்ணீர்க் கலனை விடாதீர்கள்.