வாயு மேகத்திலிருந்து பெரிய நட்சத்திரக் கொத்து உருவாவதை வீட்டு லேப்டாப்பில் கணினிக் கணக்காக ஓட்டிப் பார்க்க முடியுமா?

சின்ன மேகம் என்றால் முடியும். நீங்கள் கேட்கும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் உள்ள கொத்து லேப்டாப்புக்குத் தாங்காது.

கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ப்ராஜெக்டுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். மார்கழியில் திருவாதிரையைக் காட்டி, அதே ஓரியனின் வாள் பகுதியில் மங்கலாகத் தெரியும் திட்டைப் பார்க்கச் சொல்வேன். 1,350 ஒளியாண்டு தள்ளி நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது.

வாயுவைத் துகள்களாகப் பிரித்துக் கணக்குப் போடும் எஸ்.பி.எச். முறை 1977லேயே வந்துவிட்டது. மேகத்தைச் சுருங்க வைப்பது சுலபம். சுருங்க ஆரம்பித்த பிறகுதான் தலைவலி. ஓரிடம் அடர்ந்தால் அங்கே எல்லாம் வேகமாக நடக்கும், கணக்கின் கால இடைவெளியையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். திரையில் அந்த எண் சுருங்கிக்கொண்டே போகும், மேகத்தின் வயது நகரவே நகராது. கயிறு பிடித்து நடவு நடும்போது ஒருவர் பின்தங்கினால் மொத்த வரிசையும் காத்திருக்குமே, அதே கதை. துகளுக்குத் துகள் தனி இடைவெளி கொடுத்தும் முழுக்கத் தீரவில்லை. அதனால் மிக அடர்ந்த கட்டியை எடுத்துவிட்டு, அதே நிறையில் ஒரு புள்ளியை வைத்துவிடுகிறார்கள். ‘சிங்க்’ துகள் என்பார்கள். பக்கத்தில் வரும் வாயுவை அது விழுங்கி வளரும். உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஆனால் இது இல்லாமல் ஒன்றும் ஓடாது.

2003இல் பேட், பானெல், ப்ராம் என்ற மூன்று வானியலாளர்கள் வெளியிட்ட கணக்கில் மேகம் வெறும் 50 சூரிய நிறை. அதற்கே சுமார் 1 லட்சம் சி.பி.யு. மணி நேரம் (ஒரே ஒரு ப்ராசஸர் ஓடினால் ஆகும் நேரம்) பிடித்தது. கிடைத்தது 23 நட்சத்திரங்களும் 27 பழுப்புக் குள்ளன்களும் (நட்சத்திரமாக எரியும் அளவு நிறை சேராதவை).

அந்தக் கணக்கில் பிறந்த நட்சத்திரம் தன் மேகத்தைத் திருப்பி அடிப்பது கிடையாது. நிஜத்தில் அடிக்கும்: பீச்சியடிக்கும் வாயுத் தாரை, ஒளி, நட்சத்திரத்திலிருந்து வீசும் காற்று, கடைசியில் நட்சத்திரமே வெடிக்கும் சூப்பர்நோவா. இவை எல்லாவற்றையும் சேர்த்த ‘ஸ்டார்ஃபோர்ஜ்’ கணக்கு 2022இல் வந்தது. 20,000 சூரிய நிறை மேகம். ஏறக்குறைய 8 சதவீதம்தான் நட்சத்திரமானது. மீதியைக் கலைத்தது பெரும்பாலும் ஒளியும் காற்றும். முதல் சூப்பர்நோவா 83 லட்சம் ஆண்டில் வெடித்தபோது வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது! சூப்பர்நோவாதான் மேகத்தைக் கலைக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போகிறோமே, நாம்தான் இதைப் பார்க்க வேண்டும்.

சரி, உங்களுக்கு: ‘ஃபேண்டம்’ என்ற எஸ்.பி.எச். மென்பொருள் இலவசம். லினக்ஸும் ஃபோர்ட்ரான் கம்பைலரும் போதும். 10 கெல்வினில் 50 சூரிய நிறை மேகம், ஒரு லட்சம் துகள், சிங்க் வசதியோடு ஆரம்பியுங்கள். அப்புறம், கணக்கின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் டம்ப் கோப்பை அடிக்கடி எழுதும்படி வைத்துவிடுங்கள். ராத்திரி கரண்ட் போனாலும் காலையில் விட்ட இடத்திலிருந்தே ஓட்டலாம்.